பதினோராவது வெடி

என் அண்ணன் தன் கைப்பேசியைச் சுவரில் அடித்து உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். காரணம் பிரபஞ்சம். குடித்துவிட்டு உடைப்பவர்கள் இருக்கிறார்கள், பெண்டாட்டி போனை எடுக்கவில்லை என்று உடைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று யாரோ சொன்னதற்காக உடைத்தவன் நைனார்பாளையம் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வலது கையில் மிச்சம் இருப்பது இரண்டு விரல். பகல் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைப்பேசியில் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பான். செய்தி, கட்சிச் சண்டை, சாமியார் பேச்சு, எதுவும் விலக்கில்லை. அன்றைக்கு ஓர் அறிவியல் பேச்சு அகப்பட்டிருக்கிறது. ஆதியில் ஒரு பெருவெடிப்பு நடந்தது, அதிலிருந்து நட்சத்திரக் கூட்டங்கள் எல்லாம் விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன, ஒன்றையொன்று ஈர்ப்பு இழுத்தும் அவை நிற்கவில்லை, போகப் போக வேகம் கூடுகிறது என்று அந்த மனிதர் பேசியிருக்கிறார்.

"புளுவுறான்!" என்று கத்தினான் அண்ணன். "வெடிச்சு மேல போற கல்லு வேகம் கம்மியாயிக்கினேதான் போவும். அப்பறம் நிக்கும். அப்பறம் நம்ம மண்டைமேல வுழும். எத்தினி கெணறு வெடிச்சிருக்கேன் நான்! ஒரு கல்லாச்சும் போவப் போவ ஓட்டம் எடுத்துக்கினு ஆகாசத்துக்குப் போச்சா? இவனுக்கு இன்னா தெரியும்?"

நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சங்கராபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அவரு சொல்றது சரிதான்ணா," என்றேன்.

கைப்பேசி என் காதோரம் பறந்து சுவரில் மோதியது. சிதறிய துண்டு ஒன்று என் கழுத்தில் கீறியது. கண் தெரியாதவனுக்குக் குறி எப்படித் தப்பாமல் இருக்கிறது என்றால், அவன் குரலை வைத்து எறிகிறான். தட்டு, செம்பு, ஊன்றுகோல் எல்லாம் என்மேல் வந்திருக்கின்றன. நானும் லேசுப்பட்டவள் இல்லை. எறிந்த தட்டை அவன்மேலேயே திருப்பி எறிந்திருக்கிறேன். சோறு போடாமல் பள்ளிக்குக் கிளம்பிப் போயிருக்கிறேன்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. "அண்ணனுக்காகக் கல்யாணமே வேணாம்னுட்டா பாரு" என்று என்னைக் கோயில் சிலை ஆக்கி வைத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களை அறைய வேண்டும்போல் இருக்கும். நான் எதற்காக அவனோடு கிடக்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எந்தச் சண்டையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "அந்த மலைக்காரன் மட்டும் கையில கெடைக்கட்டும். கடப்பாரையால மண்டையப் பொளந்துட்டுத்தான் மறுவேல." பதினான்கு வருடமாக இதைச் சொல்கிறான். வெறும் வாய்ப்பேச்சு இல்லை, கட்டிலுக்கடியில் கடப்பாரை இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்துத் துருவைத் தேய்ப்பான். அண்ணனோடு கிணறு வெடித்துக்கொண்டிருந்த அந்த மலைக்காரர்மேல் ஒரு தப்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தப்பு யாருடையது என்பதும் தெரியும். தெரிந்தும் சொல்லாமல்தான் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கிணறு வெடிக்கிற மேஸ்திரியாக இருந்தவன். எங்கள் பக்கத்தில் கிணறு என்றால் மண்வெட்டி வேலை கொஞ்ச ஆழத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே பாறை. டிராக்டர் கம்ப்ரசரைக் கொண்டுவந்து, பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் வெடிமருந்துத் தோட்டா இறக்கித் திரி வைத்து வெடிப்பார்கள். அப்பா போன பிறகு இந்த வேலையை வைத்துத்தான் அவன் என்னை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தான். "எந்தங்கச்சி பிசிக்ஸு" என்று டீக்கடையில் அறிமுகம் இல்லாதவனிடம்கூடச் சொல்லுவான். நான் போட்ட சட்டையும் தின்ற சோறும் அவன் உயிரைப் பணயம் வைத்து வந்தவை. அதை அவன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெடியை எண்ண வேண்டும். எத்தனை துளையோ அத்தனை சத்தம். எண்ணுவதற்கு வசதியாகவே ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி வைப்பார்கள். வாய்விட்டு எண்ணக் கூடாது. ஆளாளுக்கு மனசுக்குள் எண்ணி, புகை அடங்கிய பிறகு தனித்தனியாகத் தொகை சொல்ல வேண்டும். மேஸ்திரி கடைசியில் சொல்லுவார். எல்லாத் தொகையும் ஒத்துப்போனால்தான் கிணற்றில் இறங்கலாம். ஒன்று குறைந்தால் வெடிக்காத தோட்டா உள்ளே கிடக்கிறது என்று பொருள், "ஒண்ணு தூங்குது" என்பார்கள். அன்றைக்கு வேலை அவ்வளவுதான். மறுநாள் வரை கிணற்றுப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற ஒரு விவசாயி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த தன் கிணற்றை ஆழப்படுத்த அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். அதுவரை அண்ணன் வேலை செய்ததெல்லாம் திறந்த சமவெளி. மலையை ஒட்டி வெடிப்பது அதுதான் முதல் தடவை. அவனோடு மூன்று வருடமாக ஒரு மலைக்காரர் வேலை பார்த்துவந்தார். மேலே மலையில் சாமை விதைக்கிற குடும்பம். துளை போடுவதிலும் தோட்டா இறக்குவதிலும் அவர் கைக்கு இணை கிடையாது என்று அண்ணனே சொல்லுவான். எண்ணுகிற மூன்றாவது ஆள் கம்ப்ரசர் ஓட்டுபவர். துளை முந்தின நாளே போட்டாயிற்று, அவர் அன்று வரவில்லை. சாப்பாடு கொண்டுபோன என் கையில் அண்ணன் சிவப்புத் துணியைக் கொடுத்தான். சாலையில் நின்று வண்டிகளை மறிக்க வேண்டும், எண்ணவும் வேண்டும்.

பதினோரு துளை. முதல் வெடி கிளம்பியபோது தரை என் உள்ளங்காலை உதைத்தது. கிணற்றின் வாயிலிருந்து கல்லும் மண்ணும் பனைமர உயரத்துக்கு எழும்பி, அங்கே ஒரு கணம் தயங்கி, பொலபொலவென்று இறங்கின. அது விழுந்து முடிவதற்குள் அடுத்தது. பல் கூசியது, ஆனாலும் எண்ணினேன். மனசுக்குள் எனக்கு ஏதோ திருவிழாப்போல இருந்தது. கடைசிச் சத்தம் மட்டும் சற்றுத் தள்ளி, மெத்தென்று கேட்டது. பதினொன்று.

புகை அடங்கியதும் மூவரும் டிராக்டர் பக்கம் கூடினோம்.

"பத்து," என்றார் மலைக்காரர்.

"பதினொண்ணு," என்றேன் நான்.

"இல்லீங்க பாப்பா. கடேசியா கேட்டது நம்ம வெடி இல்ல. மலை திருப்பிக் குடுத்தது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதிரொலி எனக்குத் தெரியாதா? எதிரொலின்னா ஒவ்வொரு வெடிக்கும் வரணும். மத்ததுக்கெல்லாம் வராம கடேசி ஒண்ணுக்கு மட்டும் எப்பிடி வரும்? உங்க மலையில எண்ணக்கூடச் சொல்லித்தரலியா உனக்கு?" என்றேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவரை அன்று 'நீ' என்றுதான் பேசினேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "மேஸ்திரி, எதுக்கும் நாளைக்கு எறங்கலாம். பாப்பாவுக்கு இது பழக்கமில்ல. தப்பா எண்ணிட்டிருக்கும்."

அண்ணன் அவர் கன்னத்தில் விட்டான் ஓர் அறை. எனக்கே காது அடைத்தது. "எந்தங்கச்சி தப்பா எண்ணுவாளா? எம்.எஸ்ஸி. படிச்சவடா அவ!" என்றான். பிறகு நிதானமாக, மேஸ்திரி கடைசியில் சொல்ல வேண்டிய தொகையைச் சொன்னான். "பதினொண்ணு."

அவனேதான் இறங்கினான். உடைந்த பாறையைக் கடப்பாரையால் நெம்பும் சத்தம் மேலே கேட்டது. நாலைந்து குத்து இருக்கும். பதினோராவது வெடி அப்போதுதான் வெடித்தது.

பிறகு நடந்ததில் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். மலைக்காரர் கயிற்றில் சறுக்கி இறங்கினார். அண்ணனை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். அண்ணனின் முகத்தில் முகம் இல்லை. அவர் முதுகெல்லாம் என் அண்ணன் ரத்தம். அதற்குள் கரும்புக் கொல்லையிலிருந்தும் சாலையிலிருந்தும் ஆட்கள் கூடிவிட்டார்கள். தோட்டா வைத்தது யார் என்று கேட்டார்கள். அவர்தான் என்று யாரோ சொன்னார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. மோட்டார் கொட்டகைக் கம்பத்தில் சாய்த்து, கையில் கிடைத்ததால் எல்லாம் அடித்தார்கள். ஒருவன் அவர் இடது கையைக் கம்பத்துக்குப் பின்னால் இழுத்து முறுக்கினான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"பத்துன்னு சொன்னேன்ல பாப்பா," என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "சொல்லு பாப்பா! நீ சொல்லு!"

நான் சொல்லவில்லை. அண்ணனைக் கிடத்தியிருந்த வேனில் ஏறினேன். யாரோ கதவைச் சாத்தினார்கள். கள்ளக்குறிச்சி வரை அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டா சரியாக வைக்கப்படவில்லை, அதனால்தான், அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். உயிர் பிழைத்து வாய் திறந்ததும் அண்ணனும் அதையேதான் சொன்னான். மலைக்காரர் மலை ஏறியவர் ஏறியவர்தான், பிறகு கீழே யாரும் அவரைப் பார்க்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, எனக்கு வேலை கிடைத்த புதிதில், மலையடிவாரச் சாலையில் என் பஸ்ஸை ஒருவர் சிவப்புத் துணி காட்டி நிறுத்தினார். பக்கத்துக் கொல்லையில் கிணறு வெடிக்கிறார்கள். பழக்கத்தில் எண்ணினேன். ஆறு. ஜன்னல் வழியாக அந்த ஆளிடம் எத்தனை துளை என்று கேட்டேன். "அஞ்சுதாங்க. இங்க மலை ஒண்ணு போடும். அதக் கழிச்சிட்டுத்தான் எண்ணணும்," என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் மலை பதில் கொடுக்கத்தான் செய்கிறது. அடுத்த வெடியின் சத்தத்தில் அது அமுங்கிப்போகிறது. கடைசி வெடிக்குப் பின்னால் அமுக்க ஒன்றும் இல்லை, அதனால் அந்த ஒரு எதிரொலி மட்டும் தனியாக வந்து சேர்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு. அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று வீட்டுக்கு வந்தேன். அவன் இரண்டு விரலால் சட்டைப் பித்தானோடு போராடிக்கொண்டிருந்தான். என் காலடி கேட்டதும், "பாப்பா வந்துட்டியா? நீ இல்லன்னா வூடே இருட்டா இருக்குது," என்று சிரித்தான். கண் இல்லாதவன் வாயிலிருந்து அந்த வார்த்தை. நான் பித்தானைப் போட்டுவிட்டேன். பயம்தான். அவன் என்னை வெறுத்துவிடுவான் என்ற பயம். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் கிடையாது.

கைப்பேசி உடைந்த மறு வாரம் வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் அந்தப் பிரபஞ்சத்தை விடுவதாக இல்லை. காபி குடிக்கும்போதெல்லாம் வம்புக்கு இழுத்தான். "சரி, இன்னாதான் சொல்றாங்க? நீயே சொல்லு."

"மொதல்ல அது கெணத்து வெடி மாதிரி இல்லண்ணா. கெணத்துல ஒரு எடத்துல வெடிக்குது, கல்லு வெளிய பறக்குது. அங்க நடுன்னு ஒண்ணு கெடையாது, வெளின்னும் கெடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற எடமே ஜாஸ்தியாவுது."

"எடம் எப்பிடிடி ஜாஸ்தியாவும்? ராவுல ஒரு காணி படுத்துக் காலையில ரெண்டு காணியா எந்திரிக்குமா?"

"கிட்ட கிட்ட இருக்கறதுல அது தெரியாது. பூமி, சூரியன், நம்ம நட்சத்திரக் கூட்டம் எல்லாம் ஒண்ண ஒண்ணு கெட்டியா புடிச்சிக்கினு இருக்குது. ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கற கூட்டங்களுக்கு நடுவுலதான் பெருக்குது."

"இழுக்குது இல்ல? அப்ப மெதுவாவணும் இல்ல?"

விஞ்ஞானிகளும் என் அண்ணனைப் போலத்தான் நினைத்தார்கள் என்று சொன்னேன். இழுப்பால் விரிவின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கத்தான் கிளம்பினார்கள். அளந்ததும் வெடியை வைத்துத்தான். ஒருவகை நட்சத்திரம் வெடித்தால் எவ்வளவு வெளிச்சம் வரும் என்பது தெரியும். மங்கலாகத் தெரிந்தால் அதிகத் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். பார்த்தால், இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருந்தன. இருக்க வேண்டியதைவிடத் தூரமாகப் போய்விட்டிருந்தன. வேகம் குறையவில்லை, கூடியிருந்தது. தங்கள் கணக்குத்தான் தப்பு என்று முதலில் நினைத்தார்கள். நடுவில் தூசி மறைக்கிறதோ என்று பார்த்தார்கள். இரண்டு குழு தனித்தனியாக அளந்தும் ஒரே பதில்தான் வந்தது.

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தான். "ரெண்டு பேரு, ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்காம எண்ணி, ஒரே தொகை சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்ப சரி. நம்பலாம்," என்றான். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொரு நாள் மிச்சத்தைச் சொன்னேன். வெற்றிடம் என்று நாம் நினைக்கிற இடத்துக்குள்ளேயே ஏதோ இருக்கிறது, அது விலக்குகிறது. இடம் பெருகப் பெருகப் பொருள் கலைந்து நீர்த்துப்போகிறது, இழுப்பும் அதோடு தளர்கிறது. இது மட்டும் நீர்ப்பதில்லை. புதிதாகப் பெருகிய இடத்திலும் அதே செறிவில் இருக்கிறது. முதலில் பல நூறு கோடி வருடங்கள் இழுப்பின் கைதான் ஓங்கியிருந்தது, விரிவு மெதுவாகிக்கொண்டும் வந்தது. பிறகு ஒரு கட்டத்தில் இது முந்திக்கொண்டது.

"மொதல்லேந்தே உள்ள இருந்திருக்குது," என்றான் அண்ணன் மெதுவாக. "தூங்கிக்கினு இருந்திருக்குது."

"தூங்கலண்ணா. அது பாட்டுக்கு அதே அளவுலதான் இருந்துது. இழுக்கறதுதான் தளந்துபோச்சு."

"இன்னா அது?"

"யாருக்கும் தெரியாது. இருண்ட ஆற்றல்னு பேரு மட்டும் வெச்சிருக்காங்க."

அவன் இரண்டு விரலால் கண்குழியைத் தடவிக்கொண்டான். "எனுக்கு வெடிச்சதுக்குப் பேரும் தெரியும், ஊரும் தெரியும்," என்றான். குரலில் பழைய விஷம். அப்போது சொல்லியிருக்க வேண்டும். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை முற்பகல். வாசலில் ஒருவர் நின்றார். தோளில் ஒரு துணி மூட்டை, வலது கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. இடது கை முழங்கைக்குக் கீழே கோணிப்போயிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. போய்விடுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியில் இருந்தவனைத்தான் பார்த்தார்.

"மேஸ்திரி, நல்லா இருக்கீங்களா?"

அண்ணன் எழுந்து, சுவரைத் தொடாமல், தட்டுத் தடுமாறாமல், நேரே உள்ளே போனான். கட்டிலுக்கடியில் இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"ஓடுங்க!" என்றேன். அவர் ஓடவில்லை. கடப்பாரையோடு வெளியே வந்த அண்ணன் குரல் வந்த திசையில் வீசினான். நாற்காலி இரண்டாகப் பிளந்தது. அடுத்த வீச்சு அவர் தொடையில் பட்டது. அவர் விழுந்து எழுந்தார். வெற்றிலைத் தட்டு சிதறியது. மூட்டை கிழிந்து சாமை அரிசி வாசலெங்கும் கொட்டியது.

"அடிங்க மேஸ்திரி. அடிச்சித் தீத்துக்குங்க," என்றார் மூச்சு வாங்க. "எம் மவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். உங்கள வுட்டுட்டுப் பந்தக்கால் நட மனசு வரல. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் பேசாமல் இருந்திருந்தால் அண்ணனுக்கு இடம் தெரிந்திருக்காது. பேசினார். பேசப் பேச அண்ணன் நெருங்கினான். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டார். கடப்பாரை உயர்ந்தது. நேர் கீழே அவர் தலை.

"பத்துதான்ணா!" என்று அலறினேன். "அன்னிக்குப் பத்துதான் வெடிச்சுது! நான்தான் தப்பா எண்ணினேன்! அவுரு சொன்னதுதான் நெஜம். கடேசியா கேட்டது மலை!"

கடப்பாரை அப்படியே நின்றது. "இன்னா சொன்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் எண்ணிய ஆறு, அந்த ஆள் சொன்ன ஐந்து, கம்பத்தில் சாய்த்து அடித்தபோது அவர் என்னைக் கூப்பிட்டது, நான் வேனில் ஏறியது, பதின்மூன்று வருடமாகத் தெரிந்தே வாய் திறக்காமல் இருந்தது. சொல்லும்போதே எனக்குத் தெரியும், அவன் குரலை வைத்துத்தான் எறிவான் என்று. நகரலாம். நகரவில்லை. நிறுத்தாமல் பேசினேன், சத்தமாகவே பேசினேன்.

கடப்பாரை என் இடது தோளில் வந்து விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. மலைக்காரரின் கை முறிந்தபோது கேட்ட அதே சத்தம். சாமை அரிசிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் என் பக்கம் வரவில்லை. "நீ பத்துன்னு சொன்ன இல்ல?" என்று சுவர்ப் பக்கம் கேட்டான்.

"சொன்னேன் மேஸ்திரி. நீங்க அறைஞ்சீங்க."

அண்ணன் கையை நீட்டித் துழாவினான். அவர் கோணல் கை அகப்பட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எலும்பு வளைந்துபோன வழியே இரண்டு விரலையும் ஓட்டினான். திரும்பவும் ஓட்டினான். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அழுதான். கண்குழியிலிருந்தும் தண்ணீர் வந்தது.

"கெளம்பு. உன் வூட்டுக்குப் போலாம்," என்றான்.

அதுவரை அவன் வெளியே எங்கு போனாலும் என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் போவான். அன்று அந்தக் கோணல் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். ஊர் நம்பியது. சிலைகள் அப்படித்தான் உடையும் என்று நினைத்திருப்பார்கள்.

மலையில் கல்யாணம் முடிந்தது. அண்ணன் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். போன் செய்தால் எடுப்பான், "இருக்கேன்" என்பான், வைத்துவிடுவான். மூன்றாம் மாதம், தோள்கட்டு அவிழ்த்த கையோடு, வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கி, அவர்கள் ஊருக்கு நடந்தேன்.

மலைக்காரர் வீட்டு வாசலில் அண்ணன் கல்லால் கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தான். இடது கையில் கல், வலது கை இரண்டு விரலுக்கு நடுவில் காய். என் காலடி கேட்டதும் கல் நின்றது.

"வூட்டுக்கு வாண்ணா."

அவன் காயைத் தரையில் வைத்தான். "எனுக்கும் அன்னிக்குப் பத்துதான் கேட்டுது பாப்பா."

எனக்குப் புரியவில்லை. அவன் திரும்பச் சொன்னான். "பத்துதான் எண்ணினேன். கடேசியா கேட்டது நம்புளுது இல்லன்னு எனுக்கே தெரியும். நீ பதினொண்ணுன்ன. நான் படிக்க வெச்சவ. ஒரு கூலியாளு முன்னாடி உன்னத் தப்புன்னு சொல்ல மனசு வரல. நானும் பதினொண்ணுன்னேன். இத்தினி வருசமா அவனக் கொல்றேன் கொல்றேன்னு எதுக்குக் கத்திக்கினு இருந்தேன்னு நெனைக்கற?"

அவன் கையிலிருந்த கல்லைப் பிடுங்கி அவன்மேலேயே போட வேண்டும் என்று வெறி வந்தது. பதின்மூன்று வருடம் நான் தூக்கம் கெட்டுச் சுமந்ததை அவனும் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு சுமந்திருக்கிறான். ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, பத்து என்கிற ஒரே தொகையை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்தோம். கம்பத்தில் அடிபட்டுக்கொண்டே அதைச் சத்தம் போட்டுச் சொன்னவருக்குக் கை போனது.

"நீயும் பாவி, நானும் பாவி," என்றேன்.

"ஆமா," என்றான், காயை எடுத்துக்கொண்டு.

மலைக்காரர் வெளியே வந்தார். அன்று அவரை 'நீங்க' என்று கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "களி இருக்குது, சாப்பிட்டுப் போங்க," என்றார். சாப்பிட்டேன்.

பஸ் ஏற்றிவிட இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் அந்தக் கோணல் கையைப் பிடித்திருந்தான். முறியாத தோளை அவன் பக்கம் கொண்டுபோய் நின்றேன். தெரிந்திருக்கும். கையை எடுத்து வைக்கவில்லை.

"என் நெனப்பே வரலியாண்ணா உனக்கு?"

"வருது. தெனம் வருது. இழுவ இல்லாம இல்ல." என்றான். "நீதான சொன்ன, நடுவுல எடம் பெருத்துட்டா இழுவ பத்தாதுன்னு."

அந்த இருண்ட ஆற்றலே இப்போது கொஞ்சம் தளர்கிறதோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள், இன்னும் உறுதியாகவில்லை என்று அவனிடம் சொன்னேன். "உறுதியானா வந்து சொல்லு," என்றான்.

பஸ் கிளம்பி முதல் வளைவில் திரும்பியபோது, ஜன்னலில் தலையை நீட்டி, இருக்கிற குரலையெல்லாம் சேர்த்து "அண்ணா!" என்று கத்தினேன். எதிர்ச் சரிவில் மோதி என் குரல் இன்னொரு தடவை கேட்டது. சாலையோரம் நின்றவன் மலைப் பக்கம் திரும்பவில்லை. முகத்தை நேரே என் பஸ்ஸின் பக்கம் வைத்து, வலது கையை மேலே தூக்கினான். இரண்டு விரலில் ஒன்றை மடக்கி, ஒன்றை மட்டும் காட்டினான். மலையைக் கழித்துவிட்டு எண்ணியிருந்தான்.